இரண்டு பை அப்பிள்

2006 ஒக்டோபர் 2, திங்கள்

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நாட்குறிப்புக் கொப்பியிடம் என்று வைத்துக்கொள்கிறேன். எழுதிவைக்கும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. எழுத்துப்பிழையும் வரும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் பகல் முழுக்க நொஸ்க், அதாவது நோர்வே மொழி, கதைக்கிறவர்களுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வந்தால், உள்ளே கிடப்பதை எங்கேயாவது கொட்ட வேண்டியிருக்கிறது.

இன்று நடந்தது இவ்வளவுதான். எங்கள் பகுதிப் பொறுப்பாளர் பெரித், ஸ்ட்ரோம்மனில் இருக்கும் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டி அப்பிள் கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கடதாசி: "எடுங்கள். தயவுசெய்து எடுங்கள். எங்கள் வீட்டில் நடக்க இடமில்லை." எல்லோரும் போன பிறகுதான் நான் கிட்டப் போனேன். ஐந்து எடுத்தேன். பிறகு ஒன்றைத் திருப்பி வைத்தேன். நிமிர்ந்தால் வாசலில் பெரித். ஒரு பையை எடுத்து, வழிய வழிய நிரப்பி, என் கையில் தந்தார்.

"நீ கேக்கமாட்டாய், எனக்குத் தெரியும்," என்றார்.

பையை வீட்டுக் குசினி மேசையில் வைத்தேன். எட்டரைக்கு அம்மா வேலையால் வந்தா. அவவின் கையிலும் ஒரு பை, அதே நிறம். அதில் பெரித்தின் கையெழுத்தில் 'ராணிக்கு' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அம்மா தன் பையை என் பைக்குப் பக்கத்தில் வைத்தா.

அப்பா இரண்டையும் பார்த்தார். "என்ன, தாயும் மோளும் ஒரே மரத்திலை ஏறினனீங்களோ?"

நாங்கள் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 3, செவ்வாய்

ஏன் சிரிக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

நான் வேலைசெய்யும் ஆய்வுகூடக் கட்டடத்தை அம்மாதான் துப்பரவு செய்கிறா. ஆறு வருடமாக. நாங்கள் குடிதண்ணீர் பரிசோதிக்கிற இடம் மேலே இரண்டு மாடி. நடைவழிகள், கந்தோர் அறைகள், சாப்பாட்டு அறை எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அம்மா பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்குவா. நான் நாலு மணிக்கு வெளிக்கிடுவேன். அந்த அரை மணித்தியாலம் நாங்கள் இரண்டுபேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருவரையொருவர் தெரியாத ஆட்களாக இருக்கிறோம்.

இந்த வேலையை எனக்குக் காட்டியதே அவதான். ஜூனில் நான் ப்ளின்டர்ன் வளாகத்தில் இரசாயனவியல் முடித்தேன். அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள். பட்டம் கையில் இருந்தது, விண்ணப்பம் போடத்தான் பயம். ஒரு நாள் அம்மா கை துடைக்கிற கடதாசி ஒன்றை மடித்துக் கொண்டுவந்தா. அறிவித்தல் பலகையில் இருந்ததை, பொருள் முழுக்க விளங்காமலே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தா. கிறிஸ்மஸ் வரை ஒரு வீக்கார் தேவை, அதாவது வேறொருவரின் இடத்தில் தற்காலிகமாக வேலைசெய்ய ஓர் ஆள்.

"உது உன்ரை படிப்போ எண்டு பார்," என்றா.

வேலை கிடைத்த அன்றே நிபந்தனையும் வந்தது. "அங்கை என்னைத் தெரியாத மாதிரி இரு, பிள்ளை. கூட்டித் துடைக்கிறவள் சொல்லித்தான் மோளை எடுத்தவை எண்டு ஒரு கதை வரக்கூடாது. நிரந்தரமா எடுக்கட்டும், பிறகு பாப்பம்."

நான் ஓம் என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் ஓம் என்றேன். அதுதான் இப்போது குத்துகிறது.

ஒக்டோபர் 6, வெள்ளி

வெள்ளிக்கிழமை எங்களிடம் கேக் நாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் தொங்கும், பெயர் இருக்கிறவர் கொண்டுவர வேண்டும். இன்று ஸ்தியான். எனக்கு எதிர்மேசை, என்னைவிட இரண்டு வயது கூட, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டான். கடையில் வாங்கின மஃபினோடு வந்தான்.

"கடையிலை வாங்கினது கேக் இல்லை, ஸ்தியான்," என்றார் பெரித். "அது குற்றம்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் மெதுவாக. அப்போதுதான் பெரித் என் பக்கம் திரும்பினார்.

"மயூரா, பின்னேரத்திலை துப்பரவுக்கு வாற ராணியைத் தெரியுமோ? அவவும் தமிழ்தான்."

"கண்டிருக்கிறன்."

"அவவுக்கு ஒரு மகள் இருக்கிறா. சரியான கெட்டிக்காரியாம். பல்கலைக்கழகம் முடிச்சிட்டு எங்கையோ நல்ல இடத்திலை வேலையாம். சொல்லேக்கை ராணியின்ரை முகத்தைப் பாக்கவேணும். உங்கடை ஆக்கள் எல்லாரும் ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுதானே இருப்பினம். அந்தப் பிள்ளையைத் தெரியுமோ?"

"இல்லை," என்றேன்.

எங்கேயோ நல்ல இடம். அந்த நல்ல இடத்தில் இருந்துகொண்டு நான் மஃபின் கடதாசியை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.

ஒக்டோபர் 7, சனி

இல்லையெண்டனான். அம்மாவை இல்லையெண்டு. ஏன்? அவ சொன்னதுக்காகவோ? இல்லாட்டி எனக்கும் அது வசதியா இருந்ததோ?

ஒக்டோபர் 11, புதன்

பட்டியலில் என் பெயர். இருபதாம் திகதி. நான் எழுதவில்லை, ஸ்தியான் எழுதியிருக்கிறான்.

"என்ன கொண்டுவருவாய்?" என்று கேட்டான். வாய்க்கு வந்தது "ஸ்முல்ட்ரபை."

யோசித்துப் பார்த்தால் அது சரியான பதில்தான். பாடசாலைச் சமையல் வகுப்பில் செய்திருக்கிறோம்: அடியில் அப்பிள் துண்டுகள், சீனி, கறுவாத்தூள், மேலே மாவும் பட்டரும் சீனியும் சேர்ந்த உதிரி, அவன் அடுப்பில் வைத்து எடுத்துச் சுடச்சுடச் சாப்பிடுவது. வெளியே குளிர் தொடங்குகிற நாட்களில் அந்த மணம் வந்தால் வகுப்பே பேசாமல் இருக்கும். நோர்வே ஆட்களின் சாப்பாட்டில் என்னை முதல் முதலில் இரண்டாம் தரம் கேட்கவைத்தது அதுதான்.

பெரித்தின் அப்பிளைப் பெரித்துக்கே சூடாகத் திருப்பிக் கொடுக்கலாம். வாயால் நன்றி சொல்ல எனக்கு வராது.

ஒக்டோபர் 14, சனி

ஒத்திகை. தோல்வி. மாவும் பட்டரும் உதிரவே இல்லை, என் கையில் ஒரே உருண்டையாகச் சேர்ந்துவிட்டது. அதைப் பிய்த்துப் பிய்த்து மேலே வைத்தேன். அவனிலிருந்து தகடாக வந்தது.

அப்பா கரண்டியால் தட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது சீமெந்து. உன்ரை படிப்பு வேறை பகுதியோ?"

சொல்லிவிட்டு முழுக்கச் சாப்பிட்டார். நன்றி அப்பா.

ஒக்டோபர் 15, ஞாயிறு

அம்மாவுக்கு ஞாயிறு ஓய்வு. நான் மீண்டும் மாவை எடுத்து வைத்தபோது வந்து பக்கத்தில் நின்றா. ஈரத் தலைமுடி, துவாய் தோளில்.

"என்ன வரவேணும் உனக்கு?"

"உதிரியா வரவேணும் அம்மா. சின்னச் சின்ன மணியா. நான் பிடிச்சா உருளுது."

"பின்னை, நீ அதை ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரிக் குழைக்கிறாய். உது புட்டெல்லோ!"

நான் விளங்காமல் பார்த்தேன். அவ அலுமாரியைத் திறந்து, இரண்டு பக்கமும் வெட்டின பால்ரின் தகரப் பேணியை எடுத்தா. வெள்ளிக்கிழமைகளில் புட்டுக்கு மாக் கொத்துகிற அதே பேணி. குளிர்ந்த பட்டரை மாவுக்குள் துண்டு துண்டாகப் போட்டு, பேணியின் விளிம்பால் கொத்தத் தொடங்கினா. டக், டக், டக். கை மாவைத் தொடவே இல்லை. கிண்ணத்தை மட்டும் மற்றக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினா.

"கைச்சூடு படக்கூடாது. சூடு பட்டா ஒட்டும். வெட்டவேணும், பிசையக்கூடாது."

சமையல் வகுப்பில் ஆசிரியை இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்: பட்டர் உருகினால் உதிரி கெடும். பட்டதாரி நான் அதை மறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மணி மணியாக விழுந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பிறகு அம்மா குளிர்பெட்டியிலிருந்து திருவின தேங்காய்ப்பூவை எடுத்தா.

"அம்மா, இதுக்குத் தேங்காய்ப்பூ போடுறேல்லை."

"தேங்காய்ப்பூ போடாமல் என்ன புட்டு?"

"இது புட்டில்லை!"

"இப்பதானே புட்டெண்டனான்." போட்டுவிட்டா. ஏலக்காயும் இரண்டு இடித்துப் போட்டா.

நாற்பது நிமிடம் அவன் அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் இரண்டுபேரும் நிலத்தில் இருந்தோம். ஓரத்தில் அப்பிள் சாறு கொதித்து மேலே வந்தது. தேங்காய்ப்பூ பொன்னிறமானது. சாப்பிட்டுவிட்டு நான் இன்னும் எடுத்தேன். அம்மாவுக்கு அது போதும்.

ஒக்டோபர் 16, திங்கள்

மிச்சத்தில் ஒரு பங்கை அம்மா ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனா. "இடையிலை பசிக்கும்," என்றா. எப்போதும் தனக்கென்று ஒன்றும் எடுக்காதவ. சந்தோசமாக இருந்தது.

ஒக்டோபர் 19, வியாழன்

எட்டரைக்கு வந்து, கோட்டைக் கழற்றி, கை கழுவி, நேரே பேணியை எடுத்தா. "நீ அப்பிளைச் சீவு." நாளைக்கு அங்கேயே சாப்பாட்டு அறை அவனில் சுடப்போகிறேன். உதிரி ஒரு பையில், அப்பிள் ஒரு டப்பாவில். தேங்காய்ப்பூ வேண்டாம் என்று இந்த முறை நான் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் நாலரை மணித்தியாலம் நின்ற கால்களோடு, அந்தக் கட்டடத்துக்காக இன்னொரு அரை மணித்தியாலம் நின்றா. நான் நன்றி சொன்னேன். "விசரே உனக்கு," என்றா.

ஒக்டோபர் 20, வெள்ளி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரைக்கு அறை நிரம்பியிருந்தது. மணம் நடைவழி வரை போய் ஆட்களை இழுத்துவந்தது. எல்லோருக்கும் சூடாக வைத்தேன், மேலே வனிலாச் சோஸ். ஸ்தியான் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சில் கைவைத்தான். பெரித் ஒரு கரண்டி வாயில் வைத்தார். நிறுத்தினார்.

"இது ராணியின்ரை," என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"திங்கட்கிழமை பின்னேரம் என்ரை மேசையிலை ஒரு ஐஸ்கிறீம் பெட்டி இருந்தது. பேர் இல்லை. ஆனா ராணியின்ரை பெட்டி எனக்குத் தெரியும். உள்ளுக்கை இதுதான். இதே உதிரி, இதே தேங்காய், இதே ஏலக்காய்."

பசிக்கும் என்று கொண்டுபோன பெட்டி!

"ஆகா!" ஸ்தியான் எழும்பிவிட்டான். "ராணியைக் கொண்டு செய்விச்சனியோ? கடையிலை வாங்கினதை விட இது பெரிய குற்றம்!"

அறை முழுக்கச் சிரிப்பு. அது எனக்கு ஒரு கதவு. ஓம், ராணியிடம் கேட்டுச் செய்தேன் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். பொய்யும் இல்லை. எல்லோரும் சிரித்து முடித்து வேறு கதைக்குப் போயிருப்பார்கள். வாயைத் திறந்தேன்.

"அவ என்ரை அம்மா," என்றேன்.

கரண்டிகள் நின்றன.

முதலில் ஸ்தியான்தான். "பொறு. அப்ப, பாடசாலைப் பனிச்சறுக்கு நாளிலை மலசலகூடத்துக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடை இருந்த பிள்ளை..."

நான் தலையாட்டினேன்.

"பன்னிரண்டு வயசிலை நகரசபையின்ரை கடிதத்திலை எழுத்துப்பிழை கண்டுபிடிச்ச பிள்ளை?" இது பெரித்.

"பாவற்காய்... அதென்ன, அந்தக் கைக்கிற காய், அதை யன்னலாலை எறிஞ்ச பிள்ளை!"

ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. ஆறு வருடமாக அம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிமிடம் நின்று, என்னைச் சொல்லியிருக்கிறா. வீட்டில் நான் திருத்துகிற, சிலவேளை சிரிக்கிற அந்த நொஸ்க்கில். அது இவ்வளவுக்கும் போதுமாக இருந்திருக்கிறது. மூன்று மாதமாக யாருக்கும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். இவர்களுக்கு என்னை எப்போதோ தெரியும்.

"ஞானரட்ணம்," என்றார் பெரித், தனக்குள்ளே சொல்வது போல. "ரெண்டு பேருக்கும் அதே பேர். நான் அது ஹான்சன் மாதிரி, அரைவாசிப் பேருக்கு இருக்கிற பேராக்கும் எண்டு நினைச்சன்."

மூன்று மணிக்கு என் மேசைக்குத் தனியாக வந்தார். "ரெண்டு கிழமைக்கு முதல் உன்னட்டைக் கேட்டனான்."

"ஓம். மன்னியுங்கோ."

"அதை என்னட்டைக் கேக்கவேண்டியதில்லை," என்றார். மேசை விளிம்பை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 21, சனி

நேற்று அம்மாவுக்குச் சொன்னேன். பயந்துவிட்டா.

"ஏன் சொன்னனீ? ரெண்டு மாசம் பொறுக்கேலாதோ உனக்கு?"

"நீங்கள் ஏன் பெட்டியைக் கொண்டுபோய் வைச்சனீங்கள்?"

"ஒருத்தர் ஒரு பை நிறைய அப்பிள் தந்தா சும்மா இருக்கிறதோ? நான் பேர்கூட எழுதேல்லையே!"

"பேர் எழுதாட்டி என்ன," என்றார் அப்பா, "தேங்காய்ப்பூ காட்டிக்குடுத்திட்டுது." அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

அப்போதுதான் மற்றதையும் சொன்னேன். ஆறாம் திகதி கேட்டார்கள், ராணியின் மகளைத் தெரியாது என்றேன் என்று. பேசட்டும், அழட்டும் என்று நின்றேன்.

"அதுதானே நான் சொன்னது. சரியாத்தானே சொல்லியிருக்கிறாய்." பானையைத் திறந்து எனக்குச் சோறு போட்டா.

கோபப்பட்டிருக்கலாம். அது இவ்வளவு நோகாது.

ஒக்டோபர் 24, செவ்வாய்

அம்மா ஒரு படிவம் கொண்டுவந்தா. தன் துப்பரவு நிறுவனத்திடம் கேட்டு வாங்கியிருக்கிறா. வேலைக் கட்டடம் மாற்றித் தரும்படி. "நான் அங்கை இல்லாட்டி ஒருத்தரும் கதைக்காயினம். நீ நிம்மதியா இருப்பாய்."

நான்தான் நிரப்ப வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டின் எல்லாப் படிவங்களையும் நான்தான் நிரப்புகிறேன்.

காரணம் என்று ஒரு பெட்டி. "அதிலை என்ன எழுத?" என்று கேட்டேன்.

"முதுகு நோவெண்டு எழுது."

நாளைக்கு எழுதுகிறேன் என்றேன்.

ஒக்டோபர் 25, புதன்

"எழுதினனியோ?" "இல்லை, நேரம் வரேல்லை."

ஒக்டோபர் 27, வெள்ளி

"எழுதினனியோ?" "நல்ல பேனை இல்லை அம்மா." ஒரு பட்டதாரி இருக்கிற வீட்டில்! காலையில் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த என்னை அம்மா உற்றுப் பார்த்தா. நான் யன்னலைப் பார்த்தேன்.

ஒக்டோபர் 29, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். ஐந்து மணிக்கே எங்கள் எல்லிங்ஸ்ருட் பகுதி இருட்டிவிட்டது. எதிர்க் கட்டடத்து வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குசினி சூடாக இருக்கிறது. அப்பா நித்திரை, இரவு தபால் பிரிக்கிற வேலை அவருக்கு. படிவம் மேசையில் வெறுமையாக. அதைப் பார்த்துக்கொண்டு நான் நினைத்தது: அம்மா இல்லாத அந்த நடைவழியில் எனக்கு நிம்மதி வராது. என்னிடம் இருப்பதெல்லாம் அங்கிருந்து ஒரு கை துடைக்கும் கடதாசியில் வந்தது.

ஒக்டோபர் 30, திங்கள்

காலையில் கோப்பி எடுக்கப் போனால், பட்டியலில் ஒரு புதுப் பெயர். நொவம்பர் 10. பெரிய எழுத்தில், அழுத்தி அழுத்தி, ஒவ்வொன்றும் தனித்தனியாக: ராணி.

"நான்தான்," என்றான் ஸ்தியான். "வெள்ளிக்கிழமை பின்னேரம் பேனையோடை அவவுக்குப் பின்னாலை பொலிஸ்காரன் மாதிரித் திரிஞ்சன். மூண்டாம் மாடியிலை சரணடைஞ்சிட்டா. பதினொண்டரைக்கே வாறாவாம்."

இரவு அம்மா வேலையால் வந்தா. பெரித் இன்னொரு பை கொடுத்திருக்கிறார். அம்மா மேசையில் எதையோ விரித்து, அதன்மேல் அப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தா. கிட்டப் போய்ப் பார்த்தேன். படிவம்.

ஒக்டோபர் 31, செவ்வாய்

மூன்றே முக்காலுக்கு நடைவழியில் அம்மாவைக் கண்டேன். எனக்கு முன்னால் பெரித், பக்கத்தில் ஸ்தியான். அம்மா வண்டியை ஓரமாக்கி நின்றா. "ஹை பெரித்." "ஹை ஸ்தியான்." பிறகு என்னைப் பார்த்து, அதே சிரிப்போடு, அதே குரலில், "ஹை."

பழக்கம். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் வாய்க்கு வேறு வரவில்லை. எனக்கும்தான். நானும் "ஹை" என்றேன். நான் பெற்ற எல்லாவற்றுக்கும் இந்த மனுசியிடம் கடமைப்பட்ட நான், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா வந்து சாப்பிட்டு முடியும் வரை காத்திருந்தேன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து நானே கழுவினேன். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பது சுகம் என்று நினைத்தேன். பிறகு, இல்லை, திரும்பித்தான் கேட்க வேண்டும் என்று திரும்பினேன்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளன்."

"நாளைக்கு அங்கை கண்டா எனக்கு ஹை சொல்லாதேங்கோ. இஞ்சை கூப்பிடுற மாதிரி, எல்லாருக்கும் கேக்க, என்னைப் பிள்ளையெண்டு கூப்பிடுங்கோ."